மெகலோடான்: பல்லை மட்டும் விட்டுப்போன ராட்சத சுறா

சங்கரன்கோவிலுக்கும் சுறாவுக்கும் என்ன சம்பந்தம்? சட்டென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆடித்தபசுக்கும் கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணுக்கும் பெயர் பெற்ற ஊர் இது. கடல் இருக்கும் தூத்துக்குடிக்குப் போக வேண்டுமானால் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் பயணம். மீன் கடையில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் பால் சுறாவும், அதை வேகவைத்து உதிர்த்துச் செய்யும் சுறாப்புட்டும்தான் இந்த ஊருக்குத் தெரிந்த சுறா.

ஆனால் இந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் ஆலங்குளத்தில் ஒரு அரசு சிமெண்ட் ஆலை இருக்கிறது. (தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலங்குளம் வேறு.) டான்செம் என்று சொல்லப்படும் அதே அரசு நிறுவனத்துக்கு அரியலூரிலும் ஒரு ஆலை உண்டு. இரண்டு ஊரிலும் சுண்ணாம்புக்கல்லில் இருந்துதான் சிமெண்ட் தயாராகிறது. அந்தக் கற்களின் வயதில்தான் வித்தியாசம்!

ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் 50 கோடி ஆண்டுகளுக்கும் மிகவும் முற்பட்டது. பூமிக்கடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து பளிங்கு போல் படிகமாகிவிட்டது. அது உருவான காலத்தில் உலகில் சுறா என்ற உயிரே தோன்றியிருக்கவில்லை. அரியலூர் கல் அப்படியல்ல. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அந்தப் பகுதி கடலாக இருந்தது. அங்கே சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன களிமண்ணில் சுறாவின் பற்களும் கிடைக்கின்றன.

ஆக, தமிழ்நாட்டில் சுறாவின் வரலாற்றைத் தேடுபவர்கள் தெற்கே தோண்டிப் பயனில்லை, அரியலூர், பெரம்பலூர் பக்கம்தான் போக வேண்டும். உலகின் மிகப் பெரிய சுறாவான மெகலோடானின் கதையும் ஒரு வகையில் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஏன் பல் மட்டும்?

சுறாவுக்கு எலும்பு கிடையாது. அதன் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பு. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே, அதே மாதிரிதான். சுறா செத்தால் அது சீக்கிரம் மட்கிவிடும். பல் மட்டும் மட்காது. சுறாவின் தாடையில் பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். முன்வரிசைப் பல் விழுந்தால் பின்னால் இருப்பது முன்னே நகர்ந்து வரும். இப்படி ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது. அதனால்தான் கல்லாகிப்போன சுறாப்பற்கள் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன.

இவை சுறாவின் பற்கள் என்பதே மனிதர்களுக்கு நெடுங்காலம் தெரியாது. ஐரோப்பாவில் இவற்றை 'நாக்குக் கற்கள்' என்று அழைத்தார்கள். வானத்திலிருந்து விழுந்தவை என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். விஷத்தை முறிக்கும் என்று நம்பித் தாயத்தாகக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

1666ல் இத்தாலியின் லிவோர்னோ கடற்கரைக்கு அருகே ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை அறுத்துப் பார்க்கும் வேலை நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் நாட்டு மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பற்களைப் பார்த்த ஸ்டெனோவுக்கு நாக்குக் கற்கள் ஞாபகம் வந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன! மலைமேல் கிடக்கும் இந்தக் கற்கள் ஒரு காலத்தில் கடலில் நீந்திய சுறாக்களின் பற்களே என்று 1667ல் அவர் எழுதினார். கடலில் இருந்த பல் மலைக்கு எப்படி வந்தது என்று மேலும் யோசித்தவர், 1669ல் பாறை அடுக்குகளைப் பற்றிய தன் கருத்துகளை வெளியிட்டார். கீழே உள்ள அடுக்கு முதலில் படிந்தது, மேலே உள்ளது பிறகு படிந்தது என்று இன்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் விதி அதில்தான் இருக்கிறது. புவியியல் என்ற படிப்புக்கே ஒரு சுறாப்பல் அஸ்திவாரம் போட்டிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து லண்டனுக்கு

அடுத்த காட்சி நம் ஊர்ப்பக்கம். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரியையும் திருச்சியையும் சுற்றியுள்ள பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். அவற்றில் புதுச்சேரிப் பகுதியில் கிடைத்த மீன்களின் எச்சங்களை 1845ல் லண்டனில் ஆராய்ந்து விவரித்தவர் சர் பிலிப் எகர்ட்டன். அதில் சுறாப்பற்களும் இருந்தன. எகர்ட்டன் சாதாரண ஆள் இல்லை. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி லூயி அகாசி 1833க்கும் 1843க்கும் இடையில் புதைபடிவ மீன்களைப் பற்றிப் பல பாகங்களாக ஒரு பெரிய நூல் எழுதினார். அதற்கு உதவிய முக்கியமான சேகரிப்புகளில் எகர்ட்டனுடையதும் ஒன்று. மெகலோடான் என்ற பெயர் அந்த நூலில்தான் வருகிறது. கிரேக்க மொழியில் அதற்குப் 'பெரிய பல்' என்று பொருள்.

அதன்பிறகு பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்துப் பகுதி ஆய்வாளர்களை இழுத்தது. 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கும் சாத்தனூர் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காரையில் மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் களிமண் நிலம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தது. அங்கே கிடைத்த கடல்வாழ் முதுகெலும்பிகளைப் பற்றி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத், வர்மா, ஃபிளின் ஆகியோர் 2011ல் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதில் பல வகைச் சுறாக்கள் இருக்கின்றன. மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது டுவார்டியஸ் சுட்இண்டிகஸ். உலகுக்கே புதிய இனம். 'சுட்இண்டிகஸ்' என்றால் தென்னிந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள்! இந்தச் சுறாவின் குடும்பத்தில் ராட்சதர்கள் இருந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக்கு அருகே கிடைத்த 11.5 கோடி ஆண்டு பழைய முள்ளெலும்புகளை ஆராய்ந்தவர்கள், இதே குடும்பத்துச் சுறா ஒன்று 6 முதல் 8 மீட்டர் வரை இருந்திருக்கும் என்று 2025ல் அறிவித்தார்கள்.

இரண்டாவது டைகோடஸ். கிழிக்கும் பல் இல்லாமல், அம்மி போல் நசுக்கும் தட்டையான பற்கள் உள்ள சுறா. சிப்பிகளை உடைத்துத் தின்றபடி கடலடியிலேயே கிடந்த மந்தமான மீன் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். மெக்சிகோவில் கிடைத்த முழு உடல் புதைபடிவங்களைப் பற்றி 2024ல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தையே மாற்றியது. அது வேகமாக நீந்தக்கூடிய உடல்வாகு கொண்டதாம். பல்லை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாவது கிரெட்டலாம்னா. இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள வகை. பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. ஆனால் இதன் வம்சத்தில்தான் பிற்காலத்தில் ஓட்டோடஸ் என்ற பெரிய சுறாக்கள் தோன்றின என்றும், அந்த ஓட்டோடஸ் வரிசையின் கடைசி வாரிசுதான் மெகலோடான் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதாவது மெகலோடானின் முப்பாட்டன் முறையில் வரும் ஒரு சுறா பெரம்பலூர்க் கடலில் நீந்தியிருக்கிறது!

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தன. அப்போது கடலிலும் பெரிய அழிவு. சுறாக்களிலும் பல வகைகள் போய்விட்டன. ஆனாலும் சுறா இனம் தப்பித்தது, கிரெட்டலாம்னா வம்சமும் தப்பித்தது.

மெகலோடான் எவ்வளவு பெரியது?

மெகலோடான் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அண்டார்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களின் கரையோரங்களிலும் அதன் பற்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டம் பாரிபதா பகுதியில், மயோசீன் காலக் கடல் படிவுகளிலிருந்து மெகலோடான் பற்கள் கிடைத்ததாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

பற்களில் மிகப் பெரியது சுமார் 18 சென்டிமீட்டர். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தால் விரல் நுனியைத் தொட்டுவிடும். ஆனால் உடல்? அங்கேதான் சிக்கல். முழு உடல் இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால் நீளம் பற்றிய கணக்கு காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1909ல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாஷ்ஃபோர்ட் டீன் ஒரு தாடையைச் செய்து வைத்தார். ஆட்கள் உள்ளே உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய தாடை! அந்தக் கணக்கில் சுறாவின் நீளம் 30 மீட்டர் என்று ஆனது. தாடையின் ஓரத்தில் வரவேண்டிய சிறு பற்களின் இடத்திலும் பெரிய பற்களையே பொருத்தியதால் வந்த தவறு அது. பிறகு நீளம் சுருங்க ஆரம்பித்தது. 2020ல் வந்த ஒரு ஆய்வு 16 மீட்டர் என்றது. 2021ல் இன்னொரு ஆய்வு 20 மீட்டர் வரை போகலாம் என்றது. 2025ல் ஷிமாடா தலைமையிலான குழு, பெல்ஜியத்தில் உள்ள 11 மீட்டர் முதுகுத்தண்டையும் டென்மார்க்கில் கிடைத்த 23 சென்டிமீட்டர் அகல முள்ளெலும்பையும் ஒப்பிட்டு, 24.3 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று கூறியது. அது மட்டுமல்ல, சினிமாவில் காட்டுவது போல் குண்டான வெள்ளைச் சுறாவாக இல்லாமல், ஒல்லியான நீண்ட உடலாக இருந்திருக்கும் என்பதும் அவர்கள் கருத்து.

அன்றும் இன்றும்: ஒரு ஒப்பீடு

நீளம்: மெகலோடான், மேலே சொன்ன கணக்குகளின்படி 16 முதல் 24 மீட்டர். இன்றைய வெள்ளைச் சுறா சுமார் 6 மீட்டர். இன்று உள்ளவற்றில் மிகப் பெரியது மன்னார் வளைகுடாவுக்கும் வந்துபோகும் திமிங்கலச் சுறா. மீனவர்கள் இதை அம்மணி உழுவை என்பார்கள். இதில் பதிவான அதிகபட்ச நீளம் 18.8 மீட்டர். நம் மீன் கடைக்கு வரும் பால் சுறா ஒரு மீட்டர் அளவுதான்.

பல்: மெகலோடானுக்கு 18 சென்டிமீட்டர் வரை. வெள்ளைச் சுறாவுக்கு 7 சென்டிமீட்டர் அளவு. திமிங்கலச் சுறாவுக்கு ஆயிரக்கணக்கில் பற்கள் இருந்தும் எல்லாம் அரிசியை விடப் பெரிதல்ல.

கடி: 2008ல் கணினி மாதிரி மூலம் செய்த கணக்கின்படி வெள்ளைச் சுறாவின் கடிவிசை அதிகபட்சம் சுமார் 18,000 நியூட்டன். மெகலோடானுக்கு 1,08,000 முதல் 1,82,000 நியூட்டன் வரை.

உணவு: மெகலோடான் திமிங்கலங்களையும் தின்றது. பல் தடம் பதிந்த திமிங்கல எலும்புகள் அதற்குச் சாட்சி. இன்றைய மிகப் பெரிய சுறாவோ வாயைத் திறந்தபடி நீந்தி நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்னும் பரம சாது!

உடல் சூடு: 2023ல் பற்களின் வேதியியலை ஆராய்ந்தவர்கள், மெகலோடானின் உடல் சுற்றியிருந்த நீரைவிட சுமார் 7 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடாக இருந்தது என்று கண்டார்கள். வெள்ளைச் சுறாவுக்கும் ஓரளவு இந்தத் திறன் உண்டு. பால் சுறாவுக்குக் கிடையாது.

வெள்ளைச் சுறா மெகலோடானின் பேரன் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அது தவறு என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. வெள்ளைச் சுறா மேக்கோ சுறாக்களின் கிளையில் வந்தது. இரண்டும் தூரத்து உறவு, அவ்வளவுதான்.

ராட்சதன் ஏன் தோற்றான்?

2019ல் வெளியான ஒரு ஆய்வின்படி மெகலோடான் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. கடலின் உச்சத்தில் இருந்த வேட்டைக்காரன் ஏன் அழிய வேண்டும்?

சூடான பெரிய உடம்பு என்றால் தீனிச் செலவும் பெரிது. வேகமாக நீந்தலாம், குளிர்ந்த நீரிலும் வேட்டையாடலாம். ஆனால் நாள் தவறாமல் பெரிய இரை வேண்டும். அந்தக் காலத்தில் பூமி குளிர்ந்துகொண்டிருந்தது. கடல் மட்டம் இறங்கியதில் குட்டிகள் வளரும் ஆழமற்ற கரையோரங்கள் குறைந்தன. (பனாமாவில் அப்படி ஒரு குட்டி வளர்ப்பிடம் இருந்ததை 2010ல் கண்டறிந்தார்கள்.) சிறு திமிங்கல வகைகள் பல அழிந்தன. அதே சமயம் வெள்ளைச் சுறா போட்டிக்கு வந்துவிட்டது. இருவரும் உணவுச் சங்கிலியில் ஏறக்குறைய ஒரே படியில் இருந்திருக்கலாம் என்று பற்களில் உள்ள துத்தநாகத்தை ஆராய்ந்த 2022 ஆய்வு காட்டுகிறது. ஆறு மீட்டர் உடம்புக்குப் போதும் என்கிற உணவு, பதினாறு மீட்டர் உடம்புக்குப் போதாது. இதில் எந்தக் காரணம் எவ்வளவு என்பதில் விவாதம் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: தேவை அதிகம் உள்ளவனைத்தான் பஞ்சம் முதலில் கொல்லும்.

இன்னமும் ஆழ்கடலில் மெகலோடான் உயிரோடு இருக்கிறது என்று இணையத்தில் கதை விடுபவர்கள் இருக்கிறார்கள். 1870களில் சேலஞ்சர் என்ற ஆய்வுக்கப்பல் பசிபிக் கடலடியிலிருந்து மெகலோடான் பற்களை அள்ளி வந்தது. அவற்றின்மேல் படிந்த மாங்கனீசை வைத்து, அவை சுமார் 11,000 முதல் 24,000 ஆண்டுகளே பழையவை என்று 1959ல் ஒருவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு தவறு என்று பிற்பாடு தெரிந்துவிட்டது. சூடான உடம்போடு திமிங்கலம் தின்னும் ஒரு மீன், இரையே இல்லாத குளிர்ந்த ஆழ்கடலில் ஒளிந்து வாழ முடியாது. தவிர, உயிரோடிருந்தால் ஆயிரக்கணக்கில் புதிய பற்கள் விழுந்திருக்க வேண்டுமே? ஒன்றுகூட இல்லை.

தேட வேண்டிய சுறா வேறு

உண்மையிலேயே தேட வேண்டிய ஒரு சுறா இருக்கிறது. அதன் பெயர் புதுச்சேரி சுறா! எகர்ட்டன் லண்டனில் புதுச்சேரியின் கல்பற்களை விவரித்ததற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1839ல், இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. நீளம் ஒரு மீட்டர் அளவுதான். மீன் கூடையில் மற்ற சுறாக்களோடு கலந்து கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபதுக்கும் குறைவான மாதிரிகளே உள்ளன. உறுதியான கடைசிப் பதிவு 1979ல், இந்தியாவில். 2001ல் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த சுறா, திருக்கை இனங்களில் திமிங்கலச் சுறாவோடு இதுவும் ஒன்று. சட்டம் வந்தபோதே இந்த மீன் கண்ணில் பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த மெகலோடானுக்குக் கூடை கூடையாகப் பற்கள் இருக்கின்றன. நம் கரையின் பெயரைத் தாங்கிய சுறாவுக்கு இருபது மாதிரிகள்கூட இல்லை. சினிமா எடுப்பது முன்னதைப் பற்றி. பின்னதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

வேளா மீனின் கதையும் இதுதான். வாள் போன்ற மூக்குள்ள இது, சுறா போலத் தெரிந்தாலும் திருக்கைக்கு நெருங்கியது. காவிரிப்பூம்பட்டினத்து மீனவர்கள் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வணங்கியதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. அது வேளாவின் வாள்மூக்காக இருக்கலாம் என்பார்கள். தெய்வமாக நின்ற அந்த மீனும் இன்று அரிதாகிவிட்டது. 2001 பட்டியலில் அதுவும் இருக்கிறது.

சுறாக்கள் மெதுவாக வளர்பவை. மத்தி மீன் போல லட்சக்கணக்கில் முட்டை இடுவதில்லை. பால் சுறா ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து குட்டிதான் போடும். வெள்ளைச் சுறாவில் பெண் பருவத்துக்கு வர சுமார் 33 ஆண்டுகள் ஆகலாம் என்று 2015ல் ஒரு ஆய்வு கூறியது. வட்டிக்கு மேல் எடுத்தால் முதல் கரையும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். 1970லிருந்து ஐம்பது ஆண்டுகளுக்குள் திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்கள், திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2021ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கூறுகிறது.

இதற்கு மீனவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தூத்தூர் போன்ற குமரி மாவட்ட ஊர்களில் தூண்டிலோடு லட்சத்தீவு தாண்டிப் போய்ச் சுறா பிடிப்பது பரம்பரைத் தொழில். துடுப்புக்கு வெளிநாட்டில் கிடைத்த விலையும், குட்டி, பெரிசு என்று பார்க்காமல் அள்ளும் இழுவலைகளும் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. 2015ல் இந்தியா சுறாத்துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. எந்தச் சுறா எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது கடலில் வலை இழுப்பவருக்குத் தெரியும்படி சொல்லப்பட வேண்டும், அவர் பிழைப்புக்கும் வழி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சட்டம் பலன் தரும்.

சுறா இனம் 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. உலகின் ஐந்து பேரழிவுகளையும் தாண்டி வந்த வம்சம் அது. பெரம்பலூரில் கடல் வற்றியபோதும் போகவில்லை, டைனோசர் போனபோதும் போகவில்லை. தீனி அதிகம் தேவைப்பட்ட மெகலோடான் போனது, ஒரு மீட்டர் பால் சுறா இன்றும் சங்கரன்கோவில் மீன் கடை வரைக்கும் வருகிறது. இத்தனை கோடி ஆண்டுகளும் சிறியதாக இருப்பது ஒரு பாதுகாப்பாக இருந்தது. புதுச்சேரி சுறாவுக்கு அது போதவில்லை. வலைக்குப் பெரியது சிறியது தெரியாது.

அடுத்த முறை தட்டில் சுறாப்புட்டு வரும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பால் சுறாவும் ஒரு நாள் காரைக் களிமண்ணில் கிடக்கும் பல்லைப் போல, கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பார்க்கும் பொருளாகிவிடக் கூடாது.